முதல் பைக் எடுக்குறதுக்கு முன்னாடி: எல்எல்ஆர்ல ஆரம்பிச்சு ஷோரூம் வரைக்கும்

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணி "அக்கா, வேலைல சேந்துட்டேன், என்ன வண்டி எடுக்கலாம்"னு கேட்டான். லைசென்ஸ் இருக்காடானு கேட்டேன். "அது பாத்துக்கலாம்க்கா, வண்டி வந்துட்டா ஓட்டி ஓட்டி தானா வந்துடும்"னான். நம்ம ஊர்ல முக்காவாசி பேரு இந்த வரிசைலதான் போறாங்க, முதல்ல வண்டி, அப்புறம் பழகுறது, போலீஸ் ஒருநாள் மடக்குன பிறகு லைசென்ஸ். அப்படியே திருப்பி போடுங்கனுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. எல்எல்ஆர், அதாவது பழகுறதுக்கான லைசென்ஸ், முதல்ல, யாரோட பழைய வண்டிலயாச்சும் ஒரு மாசம் பழகுறது ரெண்டாவது, டெஸ்ட் மூணாவது, ஷோரூம் வாசல் கடைசி.

சட்டத்துக்கு பயந்து மட்டும் இதை சொல்லல. ஒரு மாசம் ஓட்டிப் பாக்காம உங்களுக்கு எந்த வண்டி சரிப்படும்னு உங்களுக்கே தெரியாது. யூடியூப்ல பாத்து புடிச்ச வண்டி, பிரெண்டு வச்சிருக்கற வண்டி, இதெல்லாம் ஓடுற அழகை பாத்து புடிச்சது. புதுசா ஓட்டுறவங்க கீழ விழறது பெரும்பாலும் வண்டி ஓடும்போது இல்லைங்க, நிக்கும்போதும், நிறுத்தும்போதும், யூ டர்ன் அடிக்கும்போதும்தான். அதனால முதல் வண்டிக்கு கேக்க வேண்டிய கேள்வி "எவ்ளோ வேகம் போகும்" இல்ல, "இதை என்னால நிறுத்தி, நிக்க வச்சு, தள்ளி, திருப்ப முடியுமா"தான்.

சரி, சட்டத்தையும் சொல்லிடறேன், தெரியாம இருக்கக் கூடாது. 2019ல மோட்டார் வாகன சட்டத்தை திருத்துன பிறகு லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா 5,000 ரூபா. ஹெல்மெட் இல்லனா 1,000, தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து இந்த ரேட்டுதான். இன்சூரன்ஸ் இல்லனா முதல் தடவை 2,000. 18 வயசு ஆகாத புள்ள கைல சாவி குடுத்தா அப்பா அம்மா இல்லனா வண்டி ஓனருக்கு 25,000 அபராதமும் 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷம் கேன்சல், அந்த புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. "தெரு முனை கடைக்குத்தானே போறான்"னு சாவி குடுக்குற அப்பாக்கள் இதை ரெண்டு தடவை படிக்கவும்.

அடுத்து, எந்த லைசென்ஸ். டூவீலர்ல ரெண்டு வகை, கியர் இல்லாதது, கியர் உள்ளது. ஆன்லைன் பாரத்துல எம்சிடபிள்யூஓஜி, எம்சிடபிள்யூஜினு இருக்கும், ஒரு எழுத்துதான் வித்தியாசம், அவசரத்துல தப்பா டிக் பண்ணிடாதீங்க. கியர் இல்லாதது எடுத்தா ஸ்கூட்டர், எக்ஸ்எல் 100 மாதிரி மொபெட், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், அவ்ளோதான். கியர் உள்ளது எடுத்தா பைக்கும் ஓட்டலாம், ஸ்கூட்டரும் ஓட்டலாம். அப்ப எதை எடுக்கணும்னு கேக்கவே வேணாம்ல, ஆனா பொண்ணுங்கனா வீட்லயும் சரி டிரைவிங் ஸ்கூல்லயும் சரி "பொம்பளப்புள்ளைக்கு ஸ்கூட்டி போதும்"னு கேக்காமயே கியர் இல்லாததுல போட்டுருவாங்க. எனக்கும் 21 வயசுல அப்படித்தான் போட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு பைக் ஓட்டணும்னு ஆசை வந்தப்ப மறுபடி முதல்ல இருந்து, புது வகை சேக்குறதுக்கு திரும்ப எல்எல்ஆர், திரும்ப 30 நாள், திரும்ப எட்டு போடுற டெஸ்ட். ஒரே வேலைய ரெண்டு தடவை பண்ணேன். இப்ப ஸ்கூட்டர்தான் வாங்கப் போறேன்னாலும் முடிஞ்சா கியர் உள்ளதையே எடுத்து வைங்க. கார் பழகுற எண்ணம் இருந்தா அந்த வகையையும் அதே எல்எல்ஆர்லயே சேத்து போட்டுக்கலாம், அலைச்சல் மிச்சம்.

எல்எல்ஆர் எடுக்கறது இப்ப பெரிய விஷயமே இல்ல. பரிவாஹன் சைட்ல சாரதினு ஒரு பகுதி இருக்கு, தமிழ்நாடு செலக்ட் பண்ணி பாரத்தை நிரப்பி, ஆதார், போட்டோ, கையெழுத்து அப்லோட் பண்ணா ஆச்சு. உடம்பு நல்லா இருக்குனு நீங்களே உறுதி சொல்ற பாரம் 1, 40 வயசு தாண்டியிருந்தா டாக்டர் கையெழுத்து போட்ட பாரம் 1ஏ. மத்திய அரசு விதிப்படி எல்எல்ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபா, அதுக்கான டெஸ்டுக்கு 50, பின்னாடி ஓட்டிக் காட்டுற டெஸ்டுக்கு 300, லைசென்ஸுக்கு 200, இதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் கொஞ்சம் வரும். இந்த கணக்கை மனசுல வச்சுக்கோங்க, ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல ஒருத்தர் "மொத்தமா இவ்ளோ குடுங்க, நான் பாத்துக்கறேன்"னு சொல்லும்போது எதுக்கு எவ்ளோனு உங்களுக்கு புரியும். வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, சட்டப்படி மாநிலத்துக்குள்ள எந்த ஆர்டிஓ ஆபீஸ்லயும் அப்ளை பண்ணலாம், சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்ல.

எல்எல்ஆர் கேள்விகள்ல 60 சதவீதம் சரியா இருந்தா பாஸ். இதுல பெயில் ஆகறவங்க பெரும்பாலும் ரோட்டு பலகைலதான் ஆகறாங்க. முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் உத்தரவு, நீல சதுரம் வெறும் தகவல், இந்த மூணும் மண்டைல ஏறிட்டா பாதி முடிஞ்சுது. நீல வட்டத்துல சிவப்பு கோடு ஒண்ணு குறுக்க போனா பார்க்கிங் கூடாது, ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி போனா வண்டியை நிறுத்தவே கூடாது. பத்து வருஷமா ஓட்டுறவங்ககிட்ட இதை கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க.

எல்எல்ஆர் 6 மாசம் செல்லும். வாங்குன 30 நாள் கழிச்சு எப்ப வேணாலும் டெஸ்டுக்கு போகலாம். அதுக்கு நடுவுல வண்டி முன்னாடியும் பின்னாடியும் வெள்ளைல சிவப்பு எல் போர்டு ஒட்டணும், சொல்லிக் குடுக்கறவரை தவிர வேற யாரையும் பின்னாடி ஏத்தக் கூடாது. பிரெண்டை ஏத்திட்டு காலேஜ் போறது கணக்குல வராது.

இந்த 30 நாளை வெயிட்டிங் பீரியடா நினைக்கறவங்கதான் அதிகம். எனக்கு அதுதான் மொத்த விஷயத்துலயே முக்கியமான பகுதி. மாமா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், யார்கிட்டயாச்சும் பழைய 100 சிசி வண்டி ஒண்ணு கெடைக்கும், அதுல இன்சூரன்ஸ் இருக்கானு மட்டும் பாத்துட்டு காலைல ஆறு மணிக்கு ஒரு கிரவுண்டுக்கு போயிடுங்க. நாங்க திருச்சில பொன்மலை ஜி கார்னர் பக்கம் போவோம். முதல் நாள் ஆக்சிலரேட்டரை தொடவே வேணாம். இன்ஜின் ஆஃப்ல வண்டியை பத்து மீட்டர் தள்ளிட்டு போயி திருப்பி தள்ளிட்டு வாங்க, செண்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்க, சைடு ஸ்டாண்ட் எடுக்க மறந்துட்டா என்ன ஆகும்னு யாராச்சும் பக்கத்துல நிக்கும்போதே தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் இன்ஜின் ஆன் பண்ணி முதல் கியர்ல போட்டு, ஆக்சிலரேட்டர் குடுக்காம கிளட்ச்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டு வண்டி எங்க நகர ஆரம்பிக்குதுனு பாருங்க. அந்த இடம், அந்த கால் இஞ்ச், அதை விரல் மனப்பாடம் பண்ணணும். டிராபிக்ல ஊர்றதுல இருந்து எட்டு போடுறது வரைக்கும் எல்லாம் அந்த கால் இஞ்ச்சுக்குள்ளதான் இருக்கு.

கியர் எப்படி விழும்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும். ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன்காலால மிதிச்சா கீழ கீழ விழும். பல்சர், அப்பாச்சி மாதிரி வண்டில முதல் கியர் மட்டும் கீழ, மிச்சமெல்லாம் மேல தூக்கணும். ஒண்ணுல பழகிட்டு இன்னொண்ணுல டெஸ்டுக்கு போனா கால் குழம்பும், என் கூட டெஸ்டுக்கு வந்த பொண்ணு ஒருத்தி இதனாலயே எட்டோட நடுவுல வண்டியை ஆஃப் பண்ணிட்டா. எந்த வண்டில டெஸ்டோ அதுலயே கடைசி ஒரு வாரமாச்சும் ஓட்டிருங்க.

எட்டு பத்தி. சுண்ணாம்புலயோ செங்கல் வச்சோ ரெண்டு வட்டம் போட்டு ஒரு வாரம் சுத்துங்க. கால் ஊனக் கூடாது, கோட்டை தாண்டக் கூடாது. எல்லாரும் பண்ற தப்பு முன் வீலை பாத்துட்டே ஓட்டுறது. கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்கதான் போகும், கீழ பாத்தா கீழதான். வட்டத்துல எந்த இடத்துக்கு போகணுமோ அங்க தலையை திருப்பி பாருங்க, கழுத்து நல்லா திரும்பணும், தோள் தானா வரும். ஆக்சிலரேட்டரை ஒரே அளவுல லேசா புடிச்சுட்டு, கிளட்ச்சை பாதில வச்சுட்டு, வேகத்தை பின் பிரேக்ல மட்டும் அடக்குங்க. திரும்பும்போது முன் பிரேக்கை புடிச்சீங்கனா வண்டி மடங்கி உக்காந்துரும், அந்த பழக்கத்தை கிரவுண்டுலயே விட்டுருங்க. ரொம்ப மெதுவா போனாலும் ஆடும், ஓட்டமும் நடையும்னு சொல்வாங்கள்ல, அந்த வேகம் சரி.

டெஸ்ட் அன்னிக்கு கொண்டு போற வண்டிக்கு ஆர்சி, இன்சூரன்ஸ், பொகை சர்டிபிகேட் எல்லாம் உயிரோட இருக்கணும், கியர் லைசென்ஸுக்கு கியர் வண்டிதான் கொண்டு போகணும். ஹெல்மெட் கண்டிப்பா. கை சிக்னல் காட்டச் சொல்லி பிரேக் இன்ஸ்பெக்டர் கேக்கலாம், இண்டிகேட்டர் இருக்கேனு சொல்லாம காட்டுங்க. கால் ஊனிட்டு பெயில் ஆனா வெக்கப்பட ஒண்ணுமில்ல, நானும் முதல் தடவை ஊனினேன், 7 நாள் கழிச்சு மறுபடி போகலாம். மூணு தடவையும் போயிடுச்சுனா 60 நாள் காத்திருக்கணும். பாஸ் ஆனா லைசென்ஸ் தபால்ல வீட்டுக்கே வரும், அதனால அட்ரஸ்ல கதவு எண் வரைக்கும் சரியா இருக்கானு அப்ளை பண்றப்பவே பாருங்க. 30 வயசுக்குள்ள எடுத்தா 40 வயசு வரைக்கும் செல்லும். அட்டை கைல இல்லனாலும் டிஜிலாக்கர்ல காட்டுனா போதும், அது சட்டப்படி செல்லும்.

இப்ப வண்டிக்கு வருவோம். ஷோரூம்க்கு போறப்ப வழக்கமா போடுற செருப்பு இல்ல ஷூவோட போங்க, ஹீல்ஸ் போட்டுட்டு போயி உக்காந்து பாத்துட்டு "கால் எட்டுதே"னு ஏமாறாதீங்க. வண்டில உக்காந்து சைடு ஸ்டாண்டை எடுத்துட்டு ரெண்டு காலையும் ஊனுங்க. குதிகால் முழுசா படியணும்னு இல்ல, ரெண்டு காலோட முன்பாதமும் திடமா பதியணும். ஒரு கால் நுனில நின்னா அந்த வண்டி உங்க முதல் வண்டி இல்ல, ரெண்டாவது வண்டியா இருந்துட்டு போகட்டும். எனக்கு ஹைட்டு அஞ்சடி ஒரு இஞ்ச், அதனால சீட் உயரத்தைதான் நான் முதல்ல பாப்பேன். ஸ்ப்ளெண்டர் 785 மில்லிமீட்டர், ரைடர் 125 வந்து 780, ஹண்டர் 350 வந்து 790, கிளாசிக் 350 வந்து 805. பேப்பர்ல பாத்தா ஸ்ப்ளெண்டருக்கும் ஹண்டருக்கும் அஞ்சு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனா ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஹண்டர் 181, கிளாசிக் 195. அந்த எழுவது எம்பது கிலோ நேரா ஓடும்போது தெரியாது, கல்யாண மண்டபத்து பார்க்கிங்ல சரிவுல மூக்கு கீழ பாத்து நிக்கிற வண்டியை பின்னாடி இழுக்கணும்ல, அங்க தெரியும். 

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, உங்க வீட்டு வாசலை பாருங்க. நம்ம ஊர் வீடுங்கள்ல வாசப்படில ஒரு சிமெண்ட் சரிவு இருக்கும், ராத்திரி வண்டியை அதுல ஏத்தி உள்ள விடணும், காலைல பின்னாடியே இறக்கணும். சந்து எவ்ளோ அகலம், சரிவு எவ்ளோ செங்குத்து, மழைல பாசி புடிக்குமா. தினமும் ரெண்டு தடவை பண்ற வேலை இது. ஷோரூம்ல "இந்த வண்டியை இங்கேந்து அங்க பின்னாடி தள்ளி பாக்கட்டுமா"னு கேளுங்க, சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

சிசி பத்தி என் அபிப்ராயம் நேராவே சொல்லிடறேன். தினமும் போக வர முப்பது கிலோமீட்டருக்குள்ள, ஊருக்குள்ளதான்னா 100, 125 போதும், அதுக்கு மேல ஆசைதான், தேவை இல்ல. வாரா வாரம் பைபாஸ்ல எழுவது எம்பது கிலோமீட்டர் ஓட்டணும்னா 150, 160 எடுங்க, லாரி ஓரம் கட்டி போறப்ப மூச்சு வாங்காம தாண்டும், காத்துல ஆடுறதும் கம்மி. ராயல் என்ஃபீல்டு 350 வேணும்னு ஆசைப்படுறவங்களை நான் தடுக்க மாட்டேன், சென்னை பக்கம் தயாராகுற வண்டி, நம்ம ஊர் பெருமை வேற, ஆனா எடை ஒத்துக்கணும். ஆர்15, டியூக் மாதிரி வண்டி முதல் வண்டியா வேணாம்னுதான் சொல்லுவேன். வேகம்ங்கறதை விட, ஆக்சிலரேட்டர் லேசா திரும்புனாலே பாயும், புதுசா ஓட்டுற கைக்கு பள்ளத்துல ஏறி இறங்குறப்ப தன்னால திரும்பும். குனிஞ்சு உக்காந்து டிராபிக்ல ஓட்டுனா மணிக்கட்டும் போயிடும்.

பிரேக்க பாக்காம வாங்காதீங்க. 2019 ஏப்ரல்ல இருந்து விக்கிற வண்டிகள்ல 125 சிசிக்கு மேல ஏபிஎஸ் கட்டாயம், 125 வரைக்கும் ஏபிஎஸ் இல்ல சிபிஎஸ் இருந்தா போதும். சிபிஎஸ்னா பின் பிரேக்கை மிதிச்சா முன்னாடியும் கொஞ்சம் சேந்து புடிக்கும், அவ்ளோதான், வீல் லாக் ஆகறதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். சிங்கிள் சேனல்னா முன் வீலுக்கு மட்டும். மழைல மணல்ல முன் வீல் லாக் ஆச்சுனா புடிக்க நேரமே கெடைக்காதுங்கறதால, பட்ஜெட் இழுத்தா நான் கலருக்கும் புளூடூத் மீட்டருக்கும் காசு குடுக்காம ஏபிஎஸ்க்கு குடுப்பேன்.

விலை. எக்ஸ்ஷோரூம்னு போர்டுல இருக்கறது ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேக்காத விலை, பாதி கதைதான். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து வண்டி விலை 1 லட்சம் வரைக்கும்னா ரோடு டாக்ஸ் 10 சதவீதம், 1 லட்சம் தாண்டினா 12. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு, 350க்கு மேல 40. இன்சூரன்ஸ்ல புது வண்டிக்கு தர்ட் பார்ட்டி, அதாவது உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கானது, 5 வருஷத்துக்கு சேத்து கட்டியே ஆகணும். 2022 ஜூன்ல வந்த ரேட்டுப்படி 75ல இருந்து 150 சிசி வரைக்கும் 3,851 ரூபா, 150க்கு மேல 350 வரைக்கும் 7,365, வரி தனி. அதாவது 149 சிசி எஃப்இசட்டும் 160 சிசி அப்பாச்சியும் ரோட்ல அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இங்க ஒண்ணு மத்ததை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டீலர் குடுக்குற இன்சூரன்ஸையே எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, வெளிய ரேட் கேட்டுட்டு போங்க. கொட்டேஷனை தனித்தனி வரியா எழுதித் தரச் சொல்லி வாங்குங்க, "அக்சஸரீஸ் 6,000"னு ஒரே வரில இருந்தா உள்ள என்ன இருக்குனு கேளுங்க. அதுல புடவை கார்டு வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது அழகுக்கு வச்சது இல்ல, பின் வீலை பாதியாச்சும் மூடியிருக்கணும்னு விதியே இருக்கு, உங்க பின்னாடி உக்காரப் போறது உங்க அம்மாவாதான் இருக்கும்.

லோன் போடுறவங்க "பத்து பர்சென்ட்தான் சார்"னு சொன்னா பிளாட்டா, குறையுற பாக்கி மேலயானு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 1 லட்சம், 3 வருஷம், பிளாட் 10 பர்சென்ட்னா வட்டி 30,000, மாசம் 3,611 ரூபா. நீங்க மாசா மாசம் அசலையும் சேத்துதான் கட்டுறீங்க, ஆனா வட்டி கடைசி வரைக்கும் முழு லட்சத்துக்கும் ஓடுது, பேங்க் கணக்குல போட்டா இது கிட்டத்தட்ட 18 பர்சென்ட் வட்டி. கூட்டுறவு சங்கத்துலயோ உங்க பேங்க்லயோ பர்சனல் லோன் இதை விட கம்மியா கெடைக்குதானு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

செகண்ட் ஹேண்ட் நல்ல ஐடியாதான், முதல் வருஷம் எப்படியும் ரெண்டு தடவையாச்சும் கீழ போடுவீங்க, ஏற்கனவே கீறல் இருக்கற வண்டில வலி கம்மி. என்னோட முதல் கியர் வண்டி அப்படி வாங்குனதுதான், தெரிஞ்சவர்தானேனு பேப்பரை சரியா பாக்கல, பணம் குடுத்து வண்டி ஓட்டி ரெண்டு மாசம் கழிச்சு பேர் மாத்த போனா ஆர்சில இன்னும் பைனான்ஸ் பேரு இருக்கு. அவரு லோனை கட்டி முடிச்சுட்டாரு, ஆனா கட்டி முடிச்சதுக்கு சர்டிபிகேட் வாங்கி பாரம் 35 குடுத்து பேரை எடுக்கவே இல்ல. அதுக்கு அலைஞ்சது நாலு மாசம். அதனால ஆர்சில பைனான்ஸ் பேரு இருந்தா அது போன பிறகுதான் பணம். எம்பரிவாஹன் ஆப்ல நம்பர் போட்டு இன்சூரன்ஸ், எத்தனாவது ஓனர் பாருங்க, சலான் பாக்கி தனியா பாருங்க. சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோட ஒத்துப் பாருங்க, தொடைச்சுட்டு பாருங்க, அழுக்குல அரைகுறையா படிச்சுட்டு தலையாட்டாதீங்க. பாரம் 29, 30ல அவர் கையெழுத்து போட்ட உடனே அப்ளை பண்ணிருங்க, இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. வெறும் கையெழுத்து போட்ட பாரத்தை பீரோல வச்சுட்டு ஓட்டுறது நம்ம ஊர் வியாதி. வண்டியை பாக்க போறப்ப இன்ஜின் ஆறி இருக்கும்போது போங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா காலைல ஸ்டார்ட் ஆகறதுல ஏதோ இருக்கு. அப்புறம் சமமான ரோட்ல மெதுவா ஓட்டிட்டு ஒரு பக்கம் இழுக்குதானு பாருங்க, இழுத்தா அடிபட்ட வண்டி, மெக்கானிக் சொல்லட்டும்.

ஹெல்மெட்டுக்கு தனியா பட்ஜெட் வைங்க, வண்டியோட ஃப்ரீயா வர்றதை நம்பி இருக்காதீங்க. 2021 ஜூன்ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விக்கறதே தப்பு, ஆனாலும் ரோட்டோரத்துல முத்திரை ஸ்டிக்கர் ஒட்டி 250 ரூபாய்க்கு கெடைக்கத்தான் செய்யும். ஃபுல் ஃபேஸ் எடுங்க. போட்டுட்டு தலையை ஆட்டுனா ஹெல்மெட்டோட சேந்து கன்னத்து தோலும் ஆடணும், அதுதான் சைஸ். வார் மாட்டாம போடுறது போடாததுக்கு சமம். ஒரு தடவை பலமா அடிபட்டுச்சுனா வெளிய ஒண்ணும் தெரியலனாலும் மாத்திருங்க, உள்ள இருக்கற தெர்மாகோல் ஒரே தடவைதான் நசுங்கும். ரெண்டாவது ஹெல்மெட்டும் வாங்குங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்கும் கட்டாயம். துப்பட்டா போடுறவங்க ரெண்டு முனையையும் முன்னாடி முடிச்சு போட்டு பேக்குக்குள்ள சொருகிட்டு ஏறுங்க.

வண்டி வந்த முதல் ரெண்டு மூணு வாரம் மறுபடி கிரவுண்டுக்கு போங்க, இந்த தடவை பிரேக்குக்காக. நாப்பதுல வந்து ரெண்டு பிரேக்கையும் சேத்து புடிச்சு எங்க நிக்குதுனு கல்லு வச்சு பாருங்க. முன் பிரேக்கை புடிச்சா குப்புற விழுந்துருவோம்னு வீட்டு பெரியவங்க பயமுறுத்தி வச்சிருப்பாங்க. நிறுத்தறப்ப எடை முன்னாடி சாயுறதால பாதிக்கு மேல வேலை செய்யறதே முன் பிரேக்தான், வெடுக்குனு புடிக்காம பழத்தை புழியற மாதிரி அமுக்கி அமுக்கி புடிக்கணும், அதுவும் வண்டி நேரா இருக்கறப்ப. அறுவதுல போனா ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடும், ஆபத்தை பாத்து கை பிரேக்குக்கு போறதுக்குள்ளயே ஒரு பஸ்ஸோட நீளத்தை தாண்டிருப்பீங்க.

நம்ம ரோட்டுக்குனு சில விஷயம் இருக்கு. ஈர ரோட்டுல வெள்ளை பெயிண்ட் கோடும் பாதாள சாக்கடை மூடியும் சோப்பு மாதிரி வழுக்கும், அது மேல பிரேக் புடிக்காதீங்க, சாயாதீங்க. ஓரத்து மணல்ல இறங்கிட்டா உடனே ரோட்டுல ஏற முயற்சி பண்ணாதீங்க, வேகத்தை குறைச்சுட்டு விளிம்பை நேரா தாண்டுங்க, தார் ரோட்டு விளிம்பை உரசிட்டே ஏறப் பாத்துதான் நிறைய பேரு விழறாங்க. ராத்திரி கரும்பு ஏத்துன டிராக்டர் பின் லைட்டே இல்லாம போகும், எதிர் வண்டி ஹெட்லைட்ல கண்ணு கூசற அந்த ரெண்டு நொடில ஆக்சிலரேட்டரை விட்டுருங்க. நின்ன பஸ்ஸை இடது பக்கமா தாண்டவே கூடாது, படில இருந்து ஆள் இறங்கும். பெயிண்ட் அடிக்காத வேகத்தடை ஊருக்கு பத்து இருக்கும், புது தெருல முன்னாடி போற வண்டியோட பின் லைட் துள்ளுதானு பாத்துட்டே போனா தப்பிச்சுரலாம்.

பராமரிப்பு முதல் வருஷத்துக்கு ரொம்ப இல்ல. வாரம் ஒரு தடவை காத்து, டயர் ஆறி இருக்கும்போது, எவ்ளோனு வண்டி புக்ல போட்டிருக்கும். திறந்த செயின்னா ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை தொடைச்சு எண்ணெய், மழைல நனைஞ்சா அன்னிக்கே. முதல் சர்வீஸை நாள் தாண்ட விடாதீங்க, புது இன்ஜின் ஆயில்ல இரும்பு தூள் சேரும், அதை எடுத்து ஊத்தறதுக்குத்தான் அவ்ளோ சீக்கிரம் கூப்பிடறாங்க.

சித்தி பையன் இப்ப எல்எல்ஆர் வாங்கி பத்தொன்பது நாள் ஆச்சு. மாமாவோட பழைய ஸ்ப்ளெண்டர்ல ஓட்டுறான், ரெண்டு தடவை கீழ போட்டுட்டான், ரெண்டுமே யூ டர்ன்ல, கிளட்ச் லீவர் ஒண்ணு உடைஞ்சுது. நேத்து போன்ல "ஏன்க்கா, அந்த 350ல உக்காந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்டு சந்துல அதை எப்படிக்கா திருப்புறது"னு கேட்டான்.